கல்லறையின் பெயர் கொண்ட நகரமும் அதன் நீதிமன்றமும்

வெள்ளி கிடைத்த இடத்திலே ஊர் எழும். வெள்ளி அருகினால் ஊர் தேயும். சுரங்க நகரங்களுக்கு இது பொதுவிதி. எனினும், ஊர் தேய்ந்த பின்னும் அதன் நீதிமன்றம் நிலைத்து நிற்குமாயின், அது கூறும் கதை செவிமடுக்கத் தக்கது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கிலே, அரிசோனாவிலுள்ள டூம்ஸ்டோன் அத்தகையதொரு நகரம்.

1877இல் எட் ஷீஃபலின் என்பவர் அப்பாச்சி மக்கள் வாழ்ந்த மலைப்புறத்தில் கனிப்பொருள் தேடிச் சென்றார். அங்கே அவருக்குக் கிடைக்கப்போவது கல்லறைக் கல் ஒன்றே என்று படைவீரர் எள்ளினர். வெள்ளியைக் கண்ட ஷீஃபலின், அந்த எள்ளலையே தம் சுரங்கத்துக்குப் பெயராக்கினார். டூம்ஸ்டோன் என்பதன் பொருள் கல்லறைக் கல் என்பதே. 1879இல் அதனருகே நகரம் எழுந்தது. 1881இல் பிமா கவுண்டியிலிருந்து ஒரு பகுதி பிரிக்கப்பட்டுப் புதிய கவுண்டியாயிற்று. அதற்கு டூம்ஸ்டோன் தலைநகராக, அப்பாச்சித் தலைவர் கொச்சீஸின் பெயர் அதற்கு இடப்பட்டது. எந்த மக்களின் நிலம் பறிபோயிற்றோ, அந்த மக்களின் தலைவர் பெயரே ஆட்சிப் பிரிவுக்கு வாய்த்தது விந்தையன்றோ!

அவ்வாண்டு ஒக்டோபர் 26ஆம் நாள் நகரின் வெற்றுநிலமொன்றில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் மூவர் மாண்டனர். சட்டம் இன்னும் வேரூன்றாத காலம் அது. மறு ஆண்டு, 1882இல், ஏறத்தாழ 50,000 டொலர் செலவில் சிலுவை வடிவிலே இரண்டு மாடிச் செங்கற் கட்டடமாக நீதிமன்றம் எழுந்தது. வழக்கு மண்டபமும், ஷெரிப்பின் பணிமனையும், சிறையும் ஒரே கூரையின்கீழ் அமைந்தன.

ஆயினும், கட்டடம் எழுந்த விரைவிலே சட்டத்தின்பால் மதிப்பு எழுந்துவிடவில்லை. 1883 டிசம்பரில் அயல்நகராகிய பிஸ்பியில் கடையொன்றைக் கொள்ளையிட்டோர் நால்வரைக் கொன்றனர். கொள்ளையர் ஐவருக்கு நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. உடந்தையாயிருந்த ஜோன் ஹீத் என்பவருக்கோ சிறைத்தண்டனையே கிடைத்தது. பிஸ்பி மக்கள் அத்தீர்ப்பை ஏற்றாரல்லர். 1884 பெப்ரவரி 22ஆம் நாள் கூட்டமாய் வந்து, அவரைச் சிறையிலிருந்து இழுத்துச் சென்று தந்திக் கம்பத்திலே தூக்கிலிட்டனர். மரண விசாரணையோ எவரையும் குற்றஞ் சாட்டாமல், நுரையீரல் நோயைக் காரணங்காட்டி முடிந்தது. அடுத்த மார்ச் மாதம் ஏனைய ஐவரும் நீதிமன்ற முற்றத்திலே தூக்கிலிடப்பட்டனர். முந்தியது கொலை, பிந்தியது தீர்ப்பின் நிறைவேற்றம். இரண்டுக்குமிடையே நின்றது அந்தச் செங்கற் சுவர் ஒன்றே.

சுரங்கங்களை நிலத்தடி நீர் சூழ்ந்தது. நீரிறைக்கும் இயந்திரங்கள் 1886இல் தீக்கிரையாகவே நகரின் வளம் குன்றியது. செம்பினால் பிஸ்பி ஓங்கியது. 1929இல் வாக்காளர் தலைநகரைப் பிஸ்பிக்கு மாற்றத் தீர்மானித்தனர். ஒருகாலத்திலே தீர்ப்பை மீறிய ஊருக்கே நீதிபீடம் சென்றது. வெறுமையுற்ற பழைய கட்டடம் 1959 முதல் அரும்பொருட்காட்சிச் சாலையாய் விளங்குகின்றது.

மண்டபத்தை ஓராண்டிற் கட்டிவிடலாம். மனம் கொதிக்கும்போதும் தீர்ப்புக்குத் தலைவணங்கும் மக்களை உருவாக்குவதற்கோ ஒரு தலைமுறையும் போதாது.