கதவைச் சாத்தாத காப்பகம்

போன வாரம் ஒருத்தர் கேட்டிருந்தார்: "நீங்க தன்னார்வலரா போற காப்பகத்துல சில நாய்களைக் கருணைக்கொலை செய்றாங்களாமே, அங்க போக எப்படி மனசு வருது?"

நியாயமான கேள்விதான். இங்கே அமெரிக்காவில், வரும் விலங்குகளில் நூற்றுக்கு 90-ஐக் காப்பாற்றினால் 'நோ கில்' காப்பகம் என்று சொல்வது வழக்கம். அவற்றில் பல, இடம் இல்லைன்னு திருப்பி அனுப்பலாம். எங்களுடையது கவுன்டி காப்பகம். கிழட்டு நாயோ, கடிக்கிற நாயோ, கண் திறக்காத பூனைக்குட்டியோ, வாசலுக்கு வந்தா வாங்கிக்கணும்.

ஒரு சனிக்கிழமை, பெரியவர் ஒருத்தர் தன் நாயை விட்டுட்டுப் போக வந்தார். கண் கலங்கியிருந்தது. "இவன் உங்ககூடவே இருக்கணும்னா என்ன வேணும்?" என்று கேட்டோம். பென்ஷன் பணம் வாடகைக்கே சரியாப் போயிடுதாம், தீனிக்குக் காசில்லை. ஒரு மூட்டை தீனி கொடுத்தோம். வெறிநாய்க்கடி தடுப்பூசியும் இலவசமாப் போட்டோம். ரெண்டு பேரும் ஒண்ணாவே வீட்டுக்குப் போனாங்க.

அதனால ஒரு கூண்டு மிச்சமாச்சு. சாயங்காலம் ரோட்டில் அடிபட்டு வந்த நாய்க்கு அந்த இடம்தான் கிடைச்சுது.

எல்லா உயிரையும் காப்பாத்த முடியல, உண்மைதான். ஆனா நாங்களும் கதவைச் சாத்தினா அதுங்க எங்க போகும்? அதனாலதான் போறேன்.