தாய்மொழியில் வரும் வைத்தியச் செய்தி



தமிழகத்தை விட்டு வெளியே வந்து வாழும் நமக்குத் தமிழ் காதில் விழுவதே ஓர் இன்பம். டில்லியில் கரோல்பாக்கிலோ, மும்பையில் மாதுங்காவிலோ, கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டிலோ யாரேனும் இருவர் தமிழில் உரையாடிக்கொண்டு போனால் நம் கால்கள் தாமாகவே நின்று விடுகின்றன. முன்னாளில் இவ்வின்பத்தை ஊரிலிருந்து வரும் கடிதமும், மாலையில் சிறிது நேரம் ஒலிக்கும் வானொலியும், விடுமுறைக்குப் போய்த் திரும்புவோர் கொணரும் பத்திரிகையும் நமக்கு அளித்தன. இன்று கைப்பேசி அளிக்கின்றது. கண் விழிக்கும் முன்னரே சித்தியின் காலை வணக்கமும், பெரியப்பாவின் கோயில் படமும், பள்ளித் தோழரின் வேடிக்கைத் துணுக்கும் வாட்ஸ்அப்பில் வந்து காத்திருக்கின்றன. அவற்றோடு அழையாத விருந்தாளியாக ஒரு வைத்தியக் குறிப்பும் வந்து நிற்கின்றது. அந்த விருந்தாளியைப் பற்றியே இன்று பேசக் கருதுகின்றோம்.

அக்குறிப்பு மெய்யா, பொய்யா என்பது ஒரு வினா. அதற்கு முந்திய வினா ஒன்றும் உண்டு: நாம் அதனை ஏன் இத்துணை எளிதில் நம்புகின்றோம்? நாம் வாழும் மாநிலத்தின் சுகாதாரத் துறை வெளியிடும் அறிவிப்பு இந்தியிலோ, மராத்தியிலோ, குஜராத்தியிலோ, வங்காளியிலோ இருக்கின்றது. மருத்துவமனைச் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கின்றது. வேலைக்குப் போகும் மகனுக்கும் மருமகளுக்கும் இவை ஒருவாறு விளங்கும். வீட்டில் இருக்கும் பாட்டிக்குத் தமிழ் ஒன்றே எழுத்து. இவ்வாறு, பொறுப்புள்ளவர் சொல்லும் செய்தி பாதி விளங்கும் மொழியில் வாசலோடு நின்று விடுகின்றது. பொறுப்பற்ற செய்தியோ இனிய தமிழில், உறவினர் பெயரோடு, நேரே அடுக்களைக்குள் நுழைந்து மணைபோட்டு அமர்ந்து விடுகின்றது. தமிழ்நாட்டில் வாழ்பவருக்குத் தமிழில் வரும் பொய்யைத் தமிழிலேயே மறுக்கச் செவிலியர் உண்டு, பத்திரிகை உண்டு, அண்டை வீட்டார் உண்டு. நமக்கு அவ்வளவு துணை இல்லை. வெளிமாநிலத் தமிழர் இவ்விஷயத்தில் கூடுதலாக விழிப்புடன் இருக்க வேண்டும் என்று நாம் கூறுவது இதனாலேயாம்.

வதந்தி புதியதன்று. ‘இக்கடிதத்தைப் படித்தவர் இதனை நகலெடுத்துப் பத்துப் பேருக்கு அனுப்பாவிடில் கேடு நேரும்’ என்று மிரட்டிய அஞ்சல் அட்டைகளை நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். ஆயினும் அதற்கு அட்டை வாங்கக் காசு செலவிட வேண்டும். பத்து முறை கை நோக எழுதவும் வேண்டும். அந்தச் சிறிய தொல்லையே ஒரு தடையாக நின்றது. இப்போது விரல் நுனிக்கு நோவில்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தேங்காய்த் துண்டுகளைக் கோப்பையில் இட்டு வெந்நீர் ஊற்றிப் பருகினால் புற்றுநோய் அழியும் என்று ஒரு செய்தி பரவியது. மும்பையில், மாதுங்காவுக்கு அண்மையிலுள்ள பரேலில், டாட்டா நினைவு மருத்துவமனை இருக்கின்றது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் புற்றுநோயாளிகள் நாடி வரும் இடம் அது. அம்மருத்துவமனையின் இயக்குநரே இவ்வாறு கூறினார் என்று அச்செய்தி சொல்லிற்று. அவர் அங்ஙனம் கூறவில்லை. 2019-ஆம் ஆண்டில் மருத்துவமனை அதனை மறுத்து விளக்கம் வெளியிட்டது. அதன் பின்னரும் செய்தி பல மொழிகளில் சுற்றிக்கொண்டே இருந்தது. பெரியதொரு நிலையத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் செய்திக்குச் சான்று கிடைத்துவிட்டதாக நாம் எண்ணுகின்றோம். செய்தியில் அப்பெயரை எழுதியவர் யார் என்று கேட்பதில்லை.

மற்றொன்று 2024 நவம்பரில் நிகழ்ந்தது. முன்னாள் கிரிக்கெட் வீரர் ஒருவர், தம் மனைவிக்கு வந்த முற்றிய புற்றுநோய் எலுமிச்சை நீர், மஞ்சள், வேப்பிலை முதலியன கொண்ட உணவு முறையால் தீர்ந்தது என்று பேசினார். அப்பேச்சின் படக்காட்சி நாடெங்கும் பரவியது. அந்த அம்மையார் அறுவைச் சிகிச்சையும் கீமோதெரபியும் பெற்றவர் என்பது பரவிய துண்டில் மங்கிப்போயிற்று. டாட்டா நினைவு மருத்துவமனையில் அன்று பணிபுரிந்தவர்களும் முன்னர்ப் பணிபுரிந்தவர்களுமாகிய புற்றுநோய் நிபுணர் 262 பேர் கையெழுத்திட்டு, இக்கூற்றுக்குப் போதிய ஆதாரம் இல்லை, சிகிச்சையைத் தாமதிக்க வேண்டாம் என்று பொதுமக்களை வேண்டிக்கொண்டனர். ஒருவர் பேச்சை எதிர்த்து 262 மருத்துவர்கள் கையெழுத்திட வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மஞ்சளில் ஒன்றுமே இல்லையா என்று கேட்பவர் உண்டு. நல்ல கேள்விதான். மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் பொருள், ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் வளர்க்கப்படும் புற்றுநோய்ச் செல்களைத் தாக்குவதுண்டு. ஆனால் கண்ணாடித் தட்டு வேறு, மனித உடல் வேறு. நாம் உண்ணும் குர்குமின் குடலிலிருந்து இரத்தத்தில் மிகக் குறைவாகவே சேர்கின்றது. அன்றியும், கண்ணாடித் தட்டில் இருக்கும் செல்களைத் துணி வெளுக்கும் பொடியும் கொல்லும். அதை மருந்தென்று யாரும் பருகுவதில்லை. தட்டிலிருந்து விலங்குக்கும், விலங்கிலிருந்து சில மனிதருக்கும், சிலரிலிருந்து பலருக்கும் படிப்படியாகச் சோதித்த பின்னரே ஒரு பொருளை மருந்து என்கின்றோம். கைப்பேசிச் செய்தி முதற்படியில் நடந்ததை எடுத்துக்கொண்டு, கடைசிப் படியில் நிற்பதாக நமக்குச் சொல்லி விடுகின்றது. முழுப் பொய்யைவிட இந்த அரைமெய்யே நமக்கு மிகுந்த தொல்லை தருகின்றது.

இங்கே சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீரிழிவு, புற்றுநோய் முதலிய பல நோய்களைத் தீர்த்து வைப்பதாக மருந்து விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. விற்பவன் விளம்பரம் செய்தால் அவனைப் பிடிக்கலாம். அன்பினால் அத்தை அனுப்பும் செய்தியில் விற்பவன் யார்?

தவறான செய்தியால் என்ன கெட்டுவிடும், வெந்நீர் குடித்தால் குடித்துப் போகட்டும் என்று சொல்வாரும் உளர். 2021-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களை நினைவு கூர்வோம். கொரோனாவின் இரண்டாம் அலையில் டில்லியில் பிராணவாயுவுக்கு மக்கள் அலைந்த நாட்கள் அவை. கற்பூரம், கிராம்பு, ஓமம் ஆகியவற்றைத் துணியில் முடிந்து முகர்ந்தால் இரத்தத்தில் பிராணவாயு உயரும் என்று அந்நாட்களில் ஒரு செய்தி வந்தது. கற்பூரத்தின் நெடி மூக்குத் திறந்தது போன்ற உணர்வைத் தருமேயன்றி நோயுற்ற நுரையீரலைத் திறக்காது. குழந்தைகள் வாயில் போட்டுக்கொண்டால் வலிப்பு வரும் அளவுக்கு நஞ்சும் ஆகும். கொரோனாவில் ஒரு கொடுமை என்னவெனில், பிராணவாயு குறைந்துகொண்டே வரும்போதும் நோயாளி தமக்கு ஒன்றுமில்லை என்று பேசிக்கொண்டிருப்பார். விரலில் மாட்டும் கருவி 94-க்குக் கீழே காட்டினால் மருத்துவரை நாட வேண்டும் என்பது விதி. அந்த வேளையில் முடிச்சை முகர்ந்துகொண்டு காத்திருந்தால், காத்திருந்த நேரமே உயிருக்கு விலையாகி விடும். தீங்கற்ற வைத்தியமும் நேரத்தைத் தின்னும் என்பதை நாம் எளிதில் உணர்வதில்லை.

தடுப்பூசி விஷயத்தில் இழப்பு குழந்தைகளைச் சேர்கின்றது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம் முதலிய இடங்களில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள சிறார்க்குத் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போடும் இயக்கம் தொடங்கியது. உடனே ஊசியைப் பற்றிய அச்சச் செய்திகள் வாட்ஸ்அப்பில் பரவின. பெற்றோர் பலர் தயங்கினர். தமிழ்நாட்டில் இயக்கத்தைக் குறித்த காலத்திற்கு மேலும் நீட்டிக்க நேர்ந்தது. தட்டம்மை ஊசியைப் பற்றிய இன்றைய அச்சங்களுக்கு ஒரு பழைய வேர் உண்டு. 1998-இல் இலண்டனில் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில், 12 குழந்தைகளை மட்டும் வைத்து எழுதப்பட்ட ஒரு கட்டுரை, அவ்வூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயத்தைக் கிளப்பியது. பின்னர் நடந்த பெரிய ஆய்வுகள் அத்தகைய தொடர்பைக் காணவில்லை. 2010-இல் இதழ் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது. முதன்மை ஆசிரியரின் பெயர் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. ஆயினும் கட்டுரையின் சாரம் இன்றும் உலகைச் சுற்றுகின்றது. திரும்பப் பெற்ற செய்தி அதனோடு சேர்ந்து பயணம் செய்வதில்லை.

இதற்கு ஒரு காரணத்தை ஆராய்ந்து கண்டிருக்கின்றார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர் மூவர், 2006 முதல் 2017 வரை டுவிட்டரில் பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்தித் தொடர்களை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டனர். உண்மைச் செய்தி 1,500 பேரை அடைவதற்குப் பொய்ச் செய்தியைப் போல் ஏறக்குறைய ஆறு மடங்கு நேரம் பிடித்ததாம். இதற்கு இயந்திரங்களைக் குறை கூறிப் பயனில்லை, பரப்பியவர்கள் மனிதர்களே என்பதும் அவர்கள் கண்ட முடிவு. புதுமையாகவும் திகைப்பூட்டுவதாகவும் இருப்பது பொய்க்கு இயல்பு. ‘கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்’ என்ற செய்தியை யார் ஆவலோடு பிறருக்கு அனுப்பப் போகின்றார்கள்!

கைப்பேசியில் ஒரு சிறு குறி உதவுகின்றது. ஐந்து கைகளுக்கு மேல் மாறி வந்த செய்திக்கு வாட்ஸ்அப் இரட்டை அம்புக்குறி இடுகின்றது. 2020 ஏப்ரலில் அத்தகைய செய்தியை ஒரு வேளையில் ஓர் உரையாடலுக்கு மேல் அனுப்ப முடியாதபடியும் செய்தது. அம்புக்குறி இருந்தால் பொய் என்று பொருளன்று. நமக்கு அனுப்பியவர் அதை எழுதவில்லை என்றே பொருள். சித்தியின் பெயரில் வந்தாலும் அது சித்தியின் சொல்லன்று.

சமூக ஊடகத்தை வெறுத்து ஒதுக்குவது முறையாகாது. மேற்சொன்ன 2021-ஆம் ஆண்டின் அதே கொடிய வாரங்களில், முகமறியாத இளைஞர்கள் இரவு பகலாகத் தொலைபேசியில் விசாரித்து, எங்கே படுக்கை உண்டு, எங்கே பிராணவாயு உருளை உண்டு என்று பட்டியல் எழுதினர். பழைய எண்களும் செயலிழந்த முகவரிகளும் அப்பட்டியல்களுக்கு இடையே கலந்து நோயாளியின் உறவினரை அலைக்கழித்தன என்பதும் உண்மையே. ஆகவே தேர்ந்த தொண்டர்கள், ‘இன்ன நாள் இன்ன மணிக்கு விசாரித்துச் சரிபார்க்கப்பட்டது’ என்று ஒவ்வொன்றின் கீழும் குறித்தனர். செய்தியின் தரம் என்றால் என்ன என்று நம்மைக் கேட்பவருக்கு அந்த ஒரு வரியையே நாம் காட்டுவோம்.

நாளைப் போலவே இடமும் முக்கியம். ஓர் ஊருக்கு மெய்யான செய்தி மற்றோர் ஊருக்கு அவ்வாறே பொருந்தாது. ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்குரிய தடுப்பூசி, அந்நோய் வழக்கமாகக் காணப்படும் மாவட்டங்களில் மட்டுமே அரசின் பட்டியலில் இடம்பெறுகின்றது. ஊரில் இருக்கும் அக்காள் தன் குழந்தையின் ஊசி அட்டையைப் படமெடுத்து அனுப்பினால், நம் குழந்தைக்கும் அதுவே பட்டியல் என்று கொள்ளலாகாது. நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நிலையத்தில் கேட்க வேண்டும்.

டில்லியின் குளிர்காலப் புகையையும் சொல்ல வேண்டும். இது ஊரில் உள்ளவர் அறியாத துன்பம். வெல்லம் தின்றால் நுரையீரலில் படிந்த புகை கரைந்து போகும் என்று ஆண்டுதோறும் ஒரு குறிப்பு வருகின்றது. வெல்லம் போகும் வழி வயிறு. புகை போகும் வழி நுரையீரல். தலைமயிரின் கனத்தில் முப்பதில் ஒரு பங்கே உள்ள நுண்துகள், மூச்சுச் சிற்றறைகள் வரை சென்று தங்குகின்றது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிடும் காற்றுத் தரக் குறியீட்டில் எண் 400-ஐக் கடந்தால் நிலைமை கடுமை என்று பொருள். அந்நாட்களில் முதியோரையும் குழந்தைகளையும் வெளியே அனுப்பாதிருப்பதும், போக வேண்டியவர் முகத்தில் நன்கு பொருந்தும் என்-95 கவசம் அணிவதும், ஆஸ்துமா உள்ளவர் மருந்தைக் கைவசம் வைத்திருப்பதுமே பயன் தரும். வெல்லத்தை அதன் இனிமைக்காக உண்ணலாம். நீரிழிவுக்காரர் அதுவும் வேண்டா.

இனி, வீட்டுப் பெரியவருக்கு இதனை எவ்வாறு எடுத்துரைப்பது? உறவினர் அறுபது பேர் கூடிய குழுவில் ‘இது பொய்’ என்று எழுதினால் பெரியப்பாவுக்குத் தலைகுனிவு. செய்தி நிற்காது, உறவுதான் நிற்கும். தனியே தொலைபேசியில் அழைத்து, ‘பெரியப்பா, இதனைச் சொன்ன டாக்டர் எந்த மருத்துவமனையில் இருக்கின்றார் என்று நீங்கள் விசாரித்தீர்களா?’ என்று வினவினால் பெரும்பாலும் அவரே யோசிக்கத் தொடங்குவார்.

மெய்ச்செய்தியைத் தமிழாக்கும் வேலை நம் பிள்ளைகளுக்கு உரியது. அவர்களுக்கு இந்தியும் மராத்தியும் வங்காளியும் தெருவிலேயே வந்துவிட்டன. தமிழ்நாட்டில் கிராம சுகாதாரச் செவிலியரைக் கண்டு பழகிய நமக்கு, மற்ற மாநிலங்கள் பலவற்றில் வீடு தேடி வரும் ‘ஆஷா’ பணியாளர் புதியவராகத் தோன்றலாம். அவர் வந்தால் கதவோரம் நின்று அனுப்பிவிடாமல், பள்ளியில் படிக்கும் மகளை அருகில் வைத்துக்கொண்டு அவர் சொல்வதைப் பாட்டிக்குத் தமிழில் சொல்லச் செய்யலாம்.

நம் தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவையும் இசை விழாவையும் குறைவின்றி நடத்துகின்றன. அவற்றின் அறிவிப்புப் பலகையில் ஒரு மூலை ஒதுக்கி, அவ்வட்டாரச் சுகாதார நிலையத்தின் அறிவிப்பைத் தமிழில் எழுதி ஒட்டலாம். எந்த நிலையம் வெளியிட்டது, எந்த நாளில், மொழிபெயர்த்தவர் யார், அறிவிப்பு எந்த நாள் வரை செல்லும் என்ற நான்கும் தாளின் அடியில் இருக்க வேண்டும். அதையே படமெடுத்துச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் இடலாம். டெங்குக் காலம் முடிந்ததும் மறவாமல் அத்தாளைக் கிழித்துவிட்டு, ஊசி முகாமின் தேதியை அவ்விடத்தில் ஒட்ட வேண்டும்.