கோட்டைத் தாண்டிய ஆட்டம்: பெண்கள் கூடைப்பந்தும் ஆய்வும்

(ஏற்காட்டில் நிகழ்த்திய அறக்கட்டளை நினைவுச் சொற்பொழிவு)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றாலே ஒரு புலவரின் நினைவாகவோ ஒரு தலைவரின் நினைவாகவோ நடப்பதுதான் நம் வழக்கம். இந்தச் சொற்பொழிவு ஓர் உடற்கல்வி ஆசிரியையின் நினைவாக நடக்கிறது. இந்த மலைப் பிள்ளைகளுக்கு அவர் பி.டி. மிஸ். ஆடும் பெண் படிப்பிலும் முன்னுக்கு வரவேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த ஆசையையே இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டேன்: ஆட்டக்காரி ஆய்வாளராவது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பெண்ணின் உடலால் எது முடியும், எது முடியாது என்பதை ஆடிய பெண்ணே ஆராய்ந்து எழுத வேண்டும். அவள் எழுதாவிட்டால் வேறு யாராவது எழுதுவார்கள். எழுதியது விதியாகும். அந்த விதி அவள் காலடியில் கோடாக விழும். கூடைப்பந்தில் இது உண்மையாகவே நடந்தது.

1. கோடு விழுந்த கதை

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். சில மாதங்களிலேயே அது பெண்களிடம் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் செண்டா பெரன்சன். லித்துவேனியாவில் 1868இல் பிறந்து, சிறுவயதிலேயே குடும்பத்தோடு பாஸ்டனுக்குக் குடியேறியவர். நோஞ்சான் பெண். பியானோ கற்கப் போனார். முதுகுவலி விடவில்லை, பாதியில் நிறுத்தினார். உடம்பு தேறட்டும் என்று 1890இல் பாஸ்டன் உடற்பயிற்சி ஆசிரியப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே உடம்பும் தேறியது, வாழ்க்கைத் தொழிலும் கிடைத்தது. 1892இல் ஸ்மித் மகளிர் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியை ஆனார்.

1893 மார்ச்சில் முதலாண்டு மாணவியருக்கும் இரண்டாமாண்டு மாணவியருக்கும் அவர் நடத்திய ஆட்டத்தைப் பெண்கள் கூடைப்பந்தின் தொடக்கமாக வரலாறு குறிக்கிறது. ஆண்களுக்கு அனுமதி இல்லை. பந்தை மேலே வீசி ஆட்டத்தைத் தொடங்கியபோது பெரன்சனின் கை பட்டு, முதலாண்டு அணித் தலைவியின் தோள்மூட்டு நழுவியது. ஆனாலும் மாற்று வீராங்கனையோடு ஆட்டம் தொடர்ந்தது.

அந்தக் காலத்து மருத்துவம் பெண்ணை எப்படிப் பார்த்தது என்பதை நாம் மறக்கக் கூடாது. அதிகம் ஓடினால் இதயம் தாங்காது, நரம்பு தளரும், தாய்மைக்குக் கேடு என்று படித்தவர்களே நம்பினார்கள். பெரன்சன் அந்த நம்பிக்கையோடு மோதாமல், அதற்கு இடம் கொடுத்து விதிகளை எழுதினார். ஆடுகளத்தைக் கோடு போட்டு மூன்றாகப் பிரித்தார். ஒரு பகுதிக்காரர் அடுத்த பகுதிக்குள் கால் வைக்கக் கூடாது. எதிரியின் கையிலிருந்து பந்தைப் பறிக்கக் கூடாது. மூன்று விநாடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருக்கக் கூடாது. மூன்று முறைக்கு மேல் தட்டக் கூடாது. 1901இல் அவர் பதிப்பித்த நூலின் வழியே இவை நாடெங்கும் பரவின. 1905 முதல் 1917 வரை பெண்கள் கூடைப்பந்து விதிக் குழுவின் தலைவரும் அவரே.

அவரை எளிதில் குறை சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. பெண்கள் அடிக்கடி நோயில் படுப்பவர்கள் என்பதைக் காட்டித்தான் சம வேலைக்குச் சம சம்பளம் மறுக்கிறார்கள், ஆகவே பெண்ணுக்கு உடல் வலு பொருளாதாரத் தேவை என்று அந்தக் காலத்திலேயே வாதிட்டவர் அவர். ஆட்டத்தைத் தடைசெய்யத் துடித்தவர்களிடமிருந்து அதைக் காப்பாற்றிக் கொடுத்ததும் அந்தக் கோடுகள்தாம். ஆடிப் பார்த்து, சொல்லிக் கொடுத்து, பிறகு உட்கார்ந்து எழுதியவர் அவர். இந்தப் பாதையின் முன்னோடி என்று அவரை நாம் வணங்கலாம்.

2. கோட்டின் ஆயுள்

காப்பாற்ற வந்த கோடு பிறகு போக மறுத்தது. 1938இல் மூன்று பகுதிகள் இரண்டாயின. அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஐவர் அணியாக முழுக்களத்திலும் ஓட அனுமதி கிடைத்தது 1971இல்தான். முதல் ஆட்டத்துக்குப் பிறகு 78 ஆண்டுகள்! அயோவா மாநிலப் பள்ளிகளில் அரைக்களத்தோடு நிற்கும் அறுவர் ஆட்டம் 1993 வரை நீடித்தது. ஒலிம்பிக்கில் ஆண்கள் கூடைப்பந்து 1936இல் நுழைந்தது. பெண்கள் கூடைப்பந்துக்கு 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தனை ஆண்டுகளும் பெண்ணின் இதயம் என்னவோ அதே இதயம்தான். அதைப் பற்றிய கருத்து மாறத்தான் இவ்வளவு காலம் பிடித்தது.

அந்தக் கோடுகள் இன்றும் உயிரோடிருக்கும் ஓர் ஆட்டம் உண்டு. 1890களில் இங்கிலாந்துக்குப் போன பெண்கள் கூடைப்பந்திலிருந்து பிறந்த வலைப்பந்து. களம் மூன்று பகுதி. எழுவரில் ஒவ்வொருவருக்கும் எல்லை உண்டு. அந்த ஆட்டத்தில் உலகமே அண்ணாந்து பார்த்தவர் ஒரு தமிழ்ப் பெண், யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம். உயரம் 208 சென்டிமீட்டர். கோல் வளையத்துக்கு அருகே நின்று, உயரே வரும் பந்தை எட்டிப் பிடித்து, அப்படியே வளையத்தில் இடுவார். 2019 லிவர்பூல் உலகக் கோப்பையில் அதிகக் கோல் போட்டவர் அவர். 2018இலும் 2022இலும் இலங்கை ஆசியப் பட்டம் வென்றபோது அணியில் இருந்தார். வரைந்து கொடுத்த எல்லைக்குள் நின்றே எல்லோரையும் விஞ்சியவர். அவ்வளவு உயரமான பெண் ஊரில் எத்தனை பார்வைகளைத் தாண்டி வந்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். அந்த அனுபவமும் அறிவுதான். எழுதப்பட வேண்டிய அறிவு.

3. யார் எழுதுவது?

பெண்ணின் உடலைப் பற்றி அடுத்தவர் முடிவெடுப்பது பழங்கதை என்று நினைத்துவிட வேண்டாம். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கம் பறிபோனது. தன் உடலைப் பற்றி அவர் பேசும் முன்பே ஊர் உலகம் எல்லாம் பேசி முடித்துவிட்டது.

எட்டு ஆண்டு கழித்து, 2014இல், ஒடிசாவின் ஓட்டக்காரி டூட்டி சந்துக்கும், பெண் உடல் பற்றிய ஒரு விதியின் பேரில், தடை வந்தது. அவர் வழக்காடினார். பாலினமும் விளையாட்டும் குறித்து ஆய்வு செய்துவந்த பயோஷ்னி மித்ரா அவருக்குத் துணை நின்றார். 2015 ஜூலையில் விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம், அந்த விதிக்குப் போதிய அறிவியல் சான்று இல்லை என்று சொல்லி அதை நிறுத்திவைத்தது. பிறகு வேறு வடிவில் விதிகள் வந்தன. வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் இரண்டு நிகழ்வுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். சாந்தி தனியாக நின்றார். டூட்டியின் பக்கத்தில் ஆய்வு நின்றது. ‘சான்று எங்கே?’ என்று கேட்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் நூறாண்டு விதியும் பதில் சொல்லியாக வேண்டும்.

4. நம் நாட்டில்

சென்னையில் ஹாரி பக் 1920இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி ஆசியாவிலேயே முன்னோடி. உடற்கல்விக்கும் விளையாட்டுக்கும் என்று தனிப் பல்கலைக்கழகம் காண 2004இல் சட்டம் இயற்றியது தமிழ்நாடு. கட்டடம் உண்டு, பட்டம் உண்டு. ஆனாலும் ஒரு வீராங்கனையின் எதிர்காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் வீடுகளில் வரும் கேள்வி ஒன்றுதான்: ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேயில் கிடைக்குமா, போலீஸில் கிடைக்குமா? அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த வேலைதான் சோறு போடுகிறது. ஆனால் அதே பெண் கோட்டாவில் கல்லூரிக்குள் நுழைந்தால், ‘இவள் விளையாட்டில் வந்தவள், படிப்பு ஏறாது’ என்று வகுப்பறை ஓரம்கட்டுகிறதே, அதை நான் மதிக்க மாட்டேன்.

சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரையை எடுத்துக்கொள்ளுங்கள். 19 வயதில் இந்திய மகளிர் கூடைப்பந்து அணிக்குத் தலைவி. ஒன்பது ஆசியச் சாம்பியன்ஷிப் போட்டிகளில் ஆடியவர். தாயான பிறகும் களத்துக்குத் திரும்பியவர். 2021இல் பத்மஸ்ரீ. மகப்பேற்றுக்குப் பிறகு ஓட்டத்துக்கு உடம்பை எப்படிப் பழக்குவது, எந்த வாரத்தில் எந்தப் பயிற்சி, பால் கொடுக்கும் தாய் என்ன சாப்பிடுவது, தூக்கம் கெட்ட இரவுக்கு அடுத்த நாள் எவ்வளவு ஓடலாம்? இவற்றைப் பட்டு உணர்ந்த பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த அறிவு பேட்டியோடும் பொன்னாடையோடும் முடிந்துவிடலாமா? அது ஆய்வேடாக வேண்டும், பாடநூலாக வேண்டும், பயிற்சியாளர் கையில் கையேடாக வேண்டும்.

ஆடிக்கொண்டே ஆராயலாம் என்பதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. அமெரிக்காவில் வாழும் மானுடவியலாளர் ஸ்டான்லி தங்கராஜ், அட்லாண்டாவில் தெற்காசிய இளைஞர்கள் ஆடிய கூடைப்பந்துக் களங்களில் தாமும் இறங்கி ஆடி, அவர்களோடு பழகி, 2015இல் ஒரு நூல் தந்தார். தன் உடல் பட்டதும் அவருக்குச் சான்றாயிற்று. அது ஆண்களின் கதை. நம் பெண்களின் கதைக்கும் அப்படி ஒரு நூல் தமிழில் வேண்டும்.

5. இந்த மலையில் என்ன ஆராயலாம்?

மாணவியரே, ஆய்வு என்றவுடன் வெளிநாட்டு ஆய்வகம் கண்முன் வர வேண்டியதில்லை. உங்கள் கையில் இருக்கும் பந்திலிருந்தே தொடங்கலாம்.

ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. சேலத்தில் காற்றடித்த பந்து கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி மேலே வந்ததும் விறைப்பாகிறது. வெளியிலிருந்து அமுக்கும் காற்று குறைந்துவிட்டது. மாலையில் பனி இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து பந்து சற்றுத் தளர்கிறது. தட்டும்போதே உங்கள் உள்ளங்கைக்கு இது தெரியும். ஓர் அழுத்தமானியும் ஒரு வெப்பமானியும் ஓர் அளவுகோலும் இருந்தால் போதும், கை அறிந்ததைக் கணக்காக எழுதிவிடலாம். காலையில், மதியத்தில், மாலையில் ஒரே உயரத்திலிருந்து பந்தைப் போட்டு, எவ்வளவு எழும்புகிறது என்று ஒரு பருவம் முழுக்கக் குறித்துவையுங்கள். அது நல்ல இயற்பியல்.

அடுத்தது முழங்கால். கூடைப்பந்து, கால்பந்து போன்ற ஆட்டங்களில் முழங்காலின் முன்தசைநார் அறுந்துபோவது பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம். குதித்து இறங்கும்போதும் சட்டென்று திரும்பும்போதும் பெரும்பாலும் நேர்கிறது. முறையான இறங்கு பயிற்சி அதை வெகுவாகக் குறைக்கும் என்பதும் ஆய்வுகள் காட்டிய உண்மை. சரிவிலும் படியிலும் ஏறி இறங்கி வளர்ந்த மலைப் பெண்ணின் கால் எப்படி இறங்குகிறது? அதை அளந்து பார்க்க இந்த மலையைவிடப் பொருத்தமான இடம் ஏது?

மூன்றாவது, இடம். பன்னாட்டு விதிப்படி கூடைப்பந்துக் களம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். சுற்றிலும் இரண்டு மீட்டர் விட்டாலும் மொத்தம் சுமார் 15 சென்ட். சமதளம் கிடைக்காத மலையில் கால்பந்து மைதானம் கேட்டால் குன்றையே வெட்ட வேண்டும். 15 சென்டை ஒரு பள்ளி எப்படியாவது ஒதுக்கலாம். இங்குள்ள தோட்டங்களில் காபி உலர்த்தவே சமமான களங்கள் அமைத்திருக்கிறார்கள். எந்தப் பள்ளியில் களம் உண்டு, எதில் இல்லை, உண்டு என்றால் பெண்களுக்கு எந்த நேரம் கிடைக்கிறது? இந்த வரைபடத்தைப் போடுவதும் ஆய்வுதான்.

நான்காவதாகச் சொல்வது என் மனத்துக்கு மிக நெருக்கமானது. 1820இல் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்தது எழுத்தில் இருக்கிறது. இம்மலையின் மலையாளிப் பழங்குடி மக்களைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதி நூலில் எழுதியிருக்கிறார். எழுதியவர்கள் அதிகாரிகளும் வெளியூராரும். அந்த மலையாளிக் குடும்பத்துப் பெண் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, அணியில் ஆடி, தன் பாட்டி சிறுமியாக இருந்தபோது ஆடிய ஆட்டங்களையும், தன் அம்மா ஏன் ஆட்டத்தை விட்டாள் என்பதையும் கேட்டு எழுதினால், அது நம் மொழிக்கு வரும் புதுச் செல்வம். வேறு யாராலும் அதைத் தர முடியாது.

6. வேண்டுகோள்

அறக்கட்டளைக்கு மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். ஒன்று, ஆண்டுதோறும் ஒரு வீராங்கனைக்கு, ஆடும் காலம் முடிந்த பிறகு, முதுகலையோ முனைவர் பட்டமோ படிக்க உதவித்தொகை. இரண்டு, இம்மலையில் ஆடிய மூத்த பெண்களின் நினைவுகளைப் பதிவுசெய்து தமிழில் நூலாக்குவது. மூன்று, பள்ளி அணியில் ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு நோட்டுப் புத்தகம். பயிற்சி, காயம், உறக்கம், மாதவிடாய், மனநிலை எல்லாவற்றையும் அவள் அதில் தனக்காக எழுத வேண்டும். அவள் இசையாமல் யாரும் அதைப் புரட்டக் கூடாது.

பெற்றோருக்கு ஒரு சொல். மகள் ஆடிவிட்டு வந்தால் படிப்பு கெட்டது என்று எண்ணாதீர்கள். அவள் அங்கே கற்றதைத் தாளில் இறக்க வழி காட்டுங்கள். மாணவியருக்கும் ஒரு சொல். உங்களைப் பற்றி உங்களைவிட நன்றாகத் தெரியும் என்று யாராவது சொன்னால் பணிவோடு கேளுங்கள், பிறகு சான்று கேளுங்கள். சான்று இல்லையென்றால் நீங்களே தேடுங்கள். முதல் ஆட்டத்திலிருந்து கணக்கிட்டால், அந்தக் கோட்டை அழிக்க 78 ஆண்டு ஆயிற்று. அடுத்த கோட்டுக்கு அவ்வளவு காலம் கொடுக்காதீர்கள்.