வன்னிக் கிராமங்களின் வனப்பு

(சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



மிஷன் பாடசாலையிலே நாம் பயின்ற ஆங்கிலப் புத்தகங்களில் இங்கிலாந்தின் வாவிக்கரைக் கிராமங்கள் அழகுற வருணிக்கப்பட்டிருந்தன. நம் குளக்கரைக் கிராமங்களைப் பற்றி ஒரு வரிதானும் இருக்கவில்லை. அது ஆங்கிலேயர் குற்றமன்று. நம் ஊரின் பெருமையை நாமன்றோ எடுத்துச் சொல்லவேண்டும்!

2009ஆம் ஆண்டு போர் முடிந்தபின் தெற்கிலிருந்து உல்லாசப் பிரயாணிகள் பஸ் பஸ்ஸாக வந்தனர். கிளிநொச்சியிலே சரிந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியின் முன் நின்று படமெடுத்தனர், திரும்பினர். வன்னி என்றால் இடிபாடு என்பதே அவர்கள் கொண்டுசென்ற சித்திரம். கண்டி வீதியை விட்டுக் கிராமத்து வழியே திரும்பியிருப்பின் வேறொரு வன்னியைக் கண்டிருப்பர்.

வன்னியிலே ஊர்ப் பெயரே ஒரு சரித்திரம். வவுனிக்குளம், முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்பு, கற்சிலைமடு என்று எப்பெயரைச் சொன்னாலும் அதில் நீர் நிற்கின்றது. கட்டு என்பது அணை. முறிப்பு என்பது அணை உடைந்த இடம். மடு என்பது ஆழ்ந்த நீர்நிலை. குளக்கட்டிலே மருதமரம், அதன் நிழலிலே பிள்ளையார், கட்டின் கீழே வயல், அப்பால் பாலையும் முதிரையும் செறிந்த காடு. மாரியிலே குளம் வான் பாயும் ஓசையை ஒருமுறை கேட்டவர் மறக்கமாட்டார்.

முள்ளியவளைக்குச் செல்வோம். வைகாசி மாதத்தில் முல்லைத்தீவுக் கடலில் எடுத்த உப்புநீரை இங்குள்ள காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவந்து, அந்நீரில் விளக்கேற்றுவர். அதன்பின் வற்றாப்பளையிலே கண்ணகை அம்மன் பொங்கல். மதுரையை எரித்த கண்ணகி ஈழத்திலே தங்கிய பத்தாவது இடமாதலின் பத்தாப்பளை எனப்பட்டு, அதுவே வற்றாப்பளை ஆயிற்று என்பது ஐதீகம். கோயிலின் அருகே நந்திக்கடல் விரிந்து கிடக்கின்றது. போரின் இறுதி நாட்களைக் கண்டதும் அதே நந்திக்கடல்தான். அதன் கரையிலேதான் நம் மக்கள் மீண்டும் பொங்குகின்றனர்.

இனி, ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரரை வணங்கிவிட்டு அயலிலுள்ள கற்சிலைமடுவுக்குப் போவோம். 1803 ஆகஸ்ட் மாதத்தில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினான். அவ்வருடம் ஒக்டோபர் 31ஆந் திகதி கப்டன் வொன் ட்ரிபேர்க் அவனைத் தோற்கடித்தான். அவ்வெற்றியைப் பொறித்து ஆங்கிலேயர் அங்கு ஒரு கல் நாட்டினர். வென்றவன் பெயரை இன்று யார் நினைக்கின்றார்? தோற்றவன் பெயரோ வன்னியில் வீட்டுக்கு வீடு பேசப்படுகின்றது.

எனினும் ஓர் எச்சரிக்கை. ஒஸ்திரியாவிலே ஹால்ஸ்டாட் என்றொரு வாவிக்கரைக் கிராமம் உண்டு. அங்கு வாழ்பவர் எழுநூறு பேரளவில். சில நாட்களில் வருபவரோ பத்தாயிரம் வரை. 2023இல் ஊரவரே வீதியை மறித்து, பிரயாணிகள் தொகையைக் குறைக்குமாறு கேட்டனர். கிராமம் காட்சிச்சாலை அன்று, மக்கள் வாழுமிடம். ஆகவே நாம் அழைக்கவேண்டியது கூட்டத்தையன்று, விருந்தினரை. செருப்பைக் கழற்றிக் கோயிலுக்குள் வருபவரை, வயலில் நிற்பவரோடு இரண்டு வார்த்தை பேசுபவரை நாம் வரவேற்போம்.

அவ்விருந்தினர், "இந்தக் குளத்தைக் கட்டியவர் யார்? இந்தக் கோயில் எக்காலத்தது?" என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? 2008, 2009ஆம் ஆண்டுகளில் கிராமங்கள் ஊரோடு இடம்பெயர்ந்தன. ஏடுகளும் உறுதிகளும் படங்களும் வழியிலே போயின. எஞ்சியிருப்பது முதியோரின் ஞாபகம் ஒன்றே. அதுவும் ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டு போகின்றது.

வாலிபத் தோழர்களே, ஆளுக்கொரு கொப்பியை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் செல்லுங்கள். குளத்தின் கதை, கோயிலின் கதை, கூத்தின் கதை, காணியின் பெயர் யாவற்றையும் கேட்டு எழுதுங்கள். பெரியோர்களே, இளைஞர் கேட்கவில்லை என்று வாளாவிராது, நீங்களே அழைத்துச் சொல்லுங்கள். நம் ஊரை நாம் அறிந்தபின், வருபவருக்கு அதைக் காட்டுவது எளிது.