இப்போது என்ன படிக்கிறோம்?
(யூபிலி விழாவில் நிகழ்த்திய உரை)



ஒருவரையொருவர் சந்தித்தால் "சாப்பிட்டாயிற்றா?" என்று கேட்கிறோம். "இப்போது என்ன புத்தகம் படிக்கிறீர்கள்?" என்று கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்லக் கூச்சப்படுகிறோம். தொடர்கதை என்றால் சிரிப்பார்களோ, காப்பியம் என்றால் பெருமையடிக்கிறார் என்பார்களோ என்று அஞ்சுகிறோம்.

வீரமாமுனிவருக்கு அந்த அச்சம் இருந்ததில்லை. அவர் 1726-இல் இயற்றிய தேம்பாவணி, புனித சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு 3,615 பாடல்களில் அமைந்த பெருங்காப்பியம். உரையின் துணையின்றி அதைப் படிப்பது நம்மில் பலருக்கு அரிது. அதே முனிவர்தாம் பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார். குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடக்க அஞ்சி நிற்பதைக் கேட்டுச் சிரிக்காத பிள்ளை உண்டோ? இரு சுவைகளுக்கும் ஒரே கை விருந்து படைத்தது.

தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879-இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளையும் கத்தோலிக்கரே. செய்யுளே இலக்கியம் என்றிருந்த நாளில் அவர் உரைநடையில் கதை சொன்னார். அப்படியிருக்க, நாவல் படிப்பவரை நாம் ஏளனம் செய்யலாமா?

நம் திருவேற்காடும் இலக்கியத்தில் இடம்பெற்ற ஊர்தான். சூதாடி வென்ற பொருளால் அடியார்களுக்கு அமுதளித்த மூர்க்க நாயனார் இவ்வூரினர். பெரியபுராணத்தில் அவரைப் பாடிய சேக்கிழார் பக்கத்துக் குன்றத்தூரில் பிறந்தவர். அண்டை வீட்டார் விரும்பிப் படிக்கும் அந்நூலைப் பற்றி அவர்களிடமே கேட்டறிவோம். நாம் படிப்பதையும் அவர்களுக்குச் சொல்வோம்.

எல்லா நூல்களும் ஒரே தரம் என்று நாம் சொல்லவில்லை. தரத்தைப் பற்றித் தாராளமாக வாதிடலாம். ஆனால் "இதெல்லாம் ஒரு புத்தகமா?" என்று பெரியவர் ஒருமுறை எள்ளினால், பிள்ளை புத்தகத்தை மூடிவைத்துக் கைப்பேசியை எடுத்துக்கொள்ளும். படிக்கும் பழக்கமே போனபின் நல்ல நூலை யாரிடம் கொடுப்போம்? வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் உண்டு என்பதை நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன் 1931-இலேயே ஒரு விதியாக வகுத்தார்.

ஆகவே, வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் ஒருவரிடமாவது, "என்ன படிக்கிறீர்கள்? அதில் எது பிடித்தது?" என்று கேட்போம். பதிலைக் குறுக்கிடாமல் கேட்போம். பிறகு நம் கையிலுள்ள நூலை அவருக்கு இரவல் தருவோம். அவருடையதை நாம் வாங்கிவந்து படிப்போம்.