அம்மன் காசும் அப்பத்தா கையும்

(முள்ளுக்குறிச்சிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மலை அடிவாரத்துல நின்னு பேசுறேன். மேலே செம்மேட்டில் குதிரைமேல் வல்வில் ஓரி இருக்கான். ஆடி 17, 18 வந்தா அரசாங்கமே விழா எடுக்குது. கடையெழு வள்ளல்களில் ஒருத்தன். கொடுத்தவன் பேரும் நிக்குது, அவனைப் பாடினவங்க பேரும் நிக்குது. அந்த மலையில் தினை விதைச்சவன் பேர் எங்கேயும் இல்லை.

நான் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரன். எங்க ஊர் ராசாக்கள் வள்ளல்தனத்தைச் செம்பிலேயே அச்சடிச்சு வச்சாங்க. எங்க அப்பத்தாவின் சுருக்குப்பையில் கிடந்த இந்தக் காசைப் பாருங்க. மிளகாய் விதை மாதிரி சின்னது. பேரு அம்மன் காசு. ஒரு பக்கம் தொண்டைமான்களின் குலதெய்வம் பிரகதாம்பாள். மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’. வெற்றி! யாருடைய வெற்றி என்று காசு சொல்லாது.

நவராத்திரியில் அரண்மனைச் செலவில் பிராமணர்களுக்கு அரிசியோடு இந்தக் காசும் தானமாகப் போனது. 1889 வாக்கில் இதை பர்மிங்காமில் அடிச்சுக் கப்பலில் கொண்டாந்தாங்க. 1948இல் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. காசின் காலமும் அதோடு முடிஞ்சது.

தானம் கொடுத்தவர் ராசா, சரி. அந்த அரிசியை விளைவிச்சது யார்? சேத்துல நின்ன நம்ம சனம். விளைவிச்சவனுக்குக் கிடைப்பது கூலி, அதுவும் குறைச்சல். விளைஞ்சதை எடுத்துக் கொடுப்பவனுக்குக் கிடைப்பது வள்ளல் பட்டம்.

இன்னொன்று கேளுங்க. காசு கை மாறும். பிராமணர் கையிலிருந்து செட்டியார் கடைக்கு, அங்கிருந்து கூலியாக எங்க அப்பத்தா கைக்கு. அம்மன் எங்க மடியில வந்து உக்காந்தா. அவளைத் தொட்டதால் தீட்டு என்று எந்தக் கடைக்காரனும் காசை வேணாம்னு சொல்லலை. தண்ணி தெளிச்சாவது வாங்கிக்கிட்டான். ஆனால் கோயிலில் இருக்கிற அம்மன் வேற. 1939 ஜூலை 8இல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம்ம ஆட்கள் சிலர் நுழைஞ்சதே நாடு முழுக்கப் பெரிய சேதி. அப்படியானால் அதுவரை வாசல் யாருக்குத் திறந்திருந்தது?

அது பழைய கதை என்பீர்கள். 2022 டிசம்பரில் அதே புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், நம்ம சனம் குடிக்கிற தண்ணித் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். விசாரிக்க வந்த கலெக்டரும் எஸ்.பி.யும் பக்கத்து இறையூர் அய்யனார் கோயிலுக்குள் நம்மவர்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. சுதந்திரம் வந்து எழுபத்தைந்து வருசம் கழிச்சு, போலீஸ் துணையோடு சாமி கும்பிடுகிறோம்.

காசைப் பற்றி முறையாகப் படிச்சு 1923இல் ‘ரூபாயின் சிக்கல்’ பற்றிப் புத்தகம் போட்டவர் அம்பேத்கர். 1990இல் நூற்றாண்டுக்கு அவர் முகத்தைச் செம்பும் நிக்கலும் கலந்த ஒரு ரூபாய்க் காசில் அடிச்சாங்க. 2015இல் 125 ரூபாய் நாணயமும் வந்தது. சந்தோசம்தான், நானும் ஒண்ணு வச்சிருக்கேன். ஆனால் அப்பத்தா காசு எனக்குச் சொல்லித் தந்தது ஒன்று உண்டு: சாமியை நம்ம கையில் கொடுத்துவிட்டுச் சன்னிதியைப் பூட்டிக்கொள்ள அவர்களால் முடியும். அதேபோல அம்பேத்கரை நம்ம கையில் கொடுத்துவிட்டு நிலத்தையும் தண்ணியையும் சுடுகாட்டுப் பாதையையும் பூட்டிக்கொள்ளவும் முடியும்.

காசை வாங்கிக்குவோம் தோழர்களே. பூட்டு எங்கே இருக்குன்னும் பார்ப்போம்.

ஜெய் பீம்.