தட்டில் நின்ற குரல்



தஞ்சாவூரில் பழைய சாமான் கடையொன்றில் ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வர இசைத்தட்டைத் தேடப்போனேன். கிடைத்ததோ 'சிம்லா பீட் 70'. 1970-ல் சிகரெட் கம்பெனி நடத்திய அகில இந்திய ராக் இசைப் போட்டியின் எல்.பி. ரெக்கார்டு. அதில் 'கன்ஃப்யூஷன்ஸ்' என்று நம்ம மதராஸ் குழு! கீறல் விழுந்த தட்டுதான்; ஆனாலும் குரல் கணீரென்று கேட்கிறது.

2009 விடுதி நாளில் நாங்கள் வாசித்ததைச் செல்போனில்தான் பதிந்தோம். போன் போச்சு, பாட்டும் போச்சு. அன்று டிரம்ஸ் அடித்த நண்பன் இன்று நம்மோடு இல்லை. அவன் கைவரிசையைக் கேட்க வழியுமில்லை.

தம்பிகளே, வாசியுங்க, கூடவே ஒழுங்காகப் பதிவுசெய்து, பேர், தேதி எழுதிக் கல்லூரி நூலகத்தில் ஒரு பிரதி வையுங்க. எங்கள் பாட்டு யாரிடமாவது இருந்தால் கொடுங்க, அவன் அம்மா கேட்கிறார்கள்.